தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது

கூப்பன் என்ற ஒன்றை யோசித்து வைத்த மகராசன் மீஞ்சூர்ப் பக்கம் வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு பேப்பர், அந்தப் பேப்பருக்கு ஒரு கத்தரிக்கோல் என்று கணக்குப் போட்டு அச்சடிப்பது கூப்பன். எங்கள் ஊரில் பேப்பர் அப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது கிடையாது. விடிவதற்கு முன்னால் டீக்கடையில் கண் விழிக்கும். பகலெல்லாம் சலூன் பெஞ்சில் கிடக்கும். சாயங்காலம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் யார் மடியிலாவது ஏறிப் பொன்னேரி வரை போகும். கடைசியில் அண்ணாச்சி கடையில் கால் கிலோ துவரம் பருப்பைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டு அடுப்படியில் போய் இறங்கும். இதில் யார் காசு கொடுத்தது, யார் படித்தது, கூப்பன் யாருக்கு?

இந்த நிலவரத்தை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் என் அம்மா.

2005-இல் தினகரனை சன் குழுமம் வாங்கியது. பேப்பர் விலை ஒரு ரூபாய் என்று ஆனது. அதுவரை எதிர்வீட்டுப் பேப்பரை ‘ஒரு நிமிஷம் குடுங்க’ என்று வாங்கிக் காலண்டர் கிழியும் வரை வைத்திருந்த குடும்பங்கள்கூடச் சொந்தப் பேப்பர்க் குடும்பங்களாக மாறின. இந்த ஒரு ரூபாய் அமளிக்கு நடுவில்தான் இன்னொரு நாளிதழ் ஹாட் பாக்ஸ் திட்டத்தோடு வந்து சேர்ந்தது. பெயர் வேண்டாம், இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதைத்தான் போடுகிறார்கள். திட்டம் சுலபம். தினமும் கடைசிப் பக்கத்தில் ஒரு கூப்பன் வரும். அதை வெட்டி, படிவத்தில் அதற்கான கட்டத்தில் ஒட்ட வேண்டும். மாதம் முழுவதும் ஒட்டியவர்களுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் நிச்சயம். குலுக்கல் கிடையாது, எல்லாருக்கும் உண்டு.

இதில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனி மரியாதை. அன்றைய கூப்பனுக்கு மஞ்சள் பார்டர் போட்டுத் ‘தங்கக் கூப்பன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இடையில் எந்த நாள் கூப்பன் விட்டுப்போனாலும் அந்தக் கட்டத்தில் ஒரு தங்கக் கூப்பனை ஒட்டலாம். இந்தச் சலுகையைப் படித்த மாத்திரத்தில் அம்மாவின் மூளை எங்கெங்கோ போய்விட்டது. வார நாள் பேப்பரே வேண்டாம், ஞாயிறு பேப்பர்களை மட்டும் கொத்தாகப் பிடித்தால் ஒன்றுக்கு மூன்று படிவம் நிரப்பலாம் என்றாள். ஒரு ஹாட் பாக்ஸ் நமக்கு, ஒன்று சித்திக்கு, மூன்றாவது சித்தி மகள் கல்யாணச் சீரில் வைக்க. சித்தி மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் விலையில் இருந்தது. ஞாயிறு பேப்பர் வார நாள் பேப்பரைவிட விலை கூட. கொத்தாக வாங்கினால் அந்தக் காசில் மணலி மார்க்கெட்டில் நல்லதாகவே ஒரு ஹாட் பாக்ஸ் வாங்கிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். “காசு குடுத்து வாங்கறதுக்கு எதுக்குடா பரிசு?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்று வரைக்கும்.

ஆக, மலிவாக ஞாயிறு பேப்பர் பிடிக்க வேண்டும். முதலில் ஏஜெண்டைக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை கட்டு எண்ணித்தான் வருகிறது, ஒன்றுகூட உபரி இல்லை என்றார். அப்புறம் பார்த்தால் எங்கள் வாசலில் விழுந்த பேப்பரிலேயே தங்கக் கூப்பன் இருந்த இடத்தில் ஜன்னல் இருந்தது. ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் காட்டினாள் அம்மா.

“எலி கடிச்சிருக்கும்மா. குடோன்ல எலித் தொல்லை.”

“எலி மூலை மட்டம் வெச்சுக் கடிக்குதா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பேப்பர் முழுசாக வந்தது. ஏஜெண்ட் வீட்டில் இன்றைக்கும் மாவு வைப்பது அந்த ஹாட் பாக்ஸில்தான் என்பது ஊரில் உலவும் வதந்தி.

பிறகு டீக்கடை. ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் கடை அது. அங்கே தினத்தந்தியும் நம் ஹாட் பாக்ஸ் பேப்பரும் வரும். ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தந்தியை ஆரம்பித்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி செய்தி இருக்க வேண்டும் என்று நினைத்தார் என்பார்கள். அவர் நினைத்ததற்கு மேலேயே நடந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன் படிப்பான், நாலு பேர் கேட்பார்கள், ஆறு பேர் திருத்துவார்கள். தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். விளையாட்டுப் பக்கம் துறைமுகத்து லாரி டிரைவர்களிடம், சினிமாப் பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து ஒப்பந்த ஆட்களிடம், கடைசிப் பக்கம் எப்போதும் ரிட்டையர் ஆன ஒரு பெரியவரிடம். அவருக்கு ராசிபலன் வேண்டும்.

ராசிபலன் அச்சாகியிருந்தது தங்கக் கூப்பனுக்கு நேர் பின்னால்.

டீ மாஸ்டர் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். காலை ஏழு மணிக்கே கூப்பனை வெட்டிக் கொடுத்துவிட்டார். எட்டு மணிக்குப் பெரியவர் வந்தார். மேஷம் இருக்கிறது, ரிஷபம் இருக்கிறது, சிம்மம் பாதி இருக்கிறது. அவர் கன்னி ராசி. கன்னி இருக்க வேண்டிய இடத்தின் வழியாக எதிர்க்கடைப் பலகை தெரிந்தது. அன்று முழுக்க அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பலன் நல்லதோ கெட்டதோ இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளலாம், பலனே இல்லாத ஒரு நாளை என்ன செய்வது என்று அவர் கேட்டது நியாயம்தான். மறுவாரம் கத்தரிக்கோலைப் பிடித்த கையை அவரே பிடித்துக்கொண்டார். டீக்கடை வழி அடைபட்டது.

சலூனில் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் நெரியும் நாள். பேப்பர் ஒவ்வொரு கையாகச் சுற்றி வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ‘திங்கள் காலையில் வா பா, எடுத்துக்கோ’ என்று சலூன்காரர் பெரிய மனதோடு சொன்னார். திங்கள் காலையில் போனேன். பேப்பர் இருந்தது, உள்ளங்கை அகலத் துண்டுகளாக. சவரக் கத்தியில் சேரும் நுரையை வழித்துப் போட அவருக்குத் துண்டுப் பேப்பர் வேண்டும், அதற்குக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் கிழிப்பார். தங்கக் கூப்பன் கிடைக்கத்தான் செய்தது. அதன் மேல் யாருடைய மீசையின் வலது பாதியோ ஒட்டியிருந்தது. அம்மா அதை வெயிலில் காயவைத்து, துடைத்து, ஒட்டத்தான் ஒட்டினாள். படிவத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் கடைசி வரை லேசாக எலுமிச்சை வாசனை அடித்தது.

காயவைப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீஞ்சூரில் எதையும் வெளியே காயவைக்கக் கூடாது. வட சென்னை அனல்மின் நிலையம் அப்போதே ஒரு பக்கம், இப்போது வல்லூர் மறுபக்கம். வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சள் பார்டர் கூப்பனை இரண்டு மணி நேரம் மொட்டை மாடியில் வைத்தால் பார்டர் எது, பேப்பர் எது என்று தெரியாது.

ரயிலிலும் முயற்சி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை லோக்கலில் கூட்டம் குறைவு, படித்த பேப்பரைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் அதிகம். ஆனால் சென்னையிலிருந்து வரும் வண்டியில் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பேப்பர் வேறு வேறு உத்தியோகத்துக்குப் போகும். ஒருவர் விரித்து உட்காருவார். ஒருவர் குழந்தைக்கு விசிறுவார். ஒரு அம்மாள் மீன் கூடைக்கு அடியில் போடுவாள். மீஞ்சூரில் வண்டி நிற்கும்போது என் கைக்கு வந்த பேப்பரில் செய்தியைவிட வஞ்சிரம் அதிகமாக இருந்தது.

“எண்ணூர் வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு” என்று அம்மா வருத்தப்பட்டாள்.

இப்படிச் சொல்வதால் அம்மாவை அல்பம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் தலைமுறையை அப்படிப் பழக்கிவைத்தவர்கள் இருந்தார்கள். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15 ஆயிரம் ரூபாயோடு தொழில் ஆரம்பித்து, சிக் ஷாம்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சின்ன பாக்கெட். அதற்குப் பிறகு அவர் செய்த வேலைதான் பலே. எந்தக் கம்பெனி ஷாம்பானாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் சும்மா. நான் அரை டிராயர் போட்டிருந்த காலம். எங்கள் ஊரைச் சுற்றி அப்போது பம்புசெட்டுகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனவர்கள் போட்ட பாக்கெட்டுகளைப் பொறுக்க என்னையும் தம்பியையும் அம்மா அனுப்புவாள். காசு போகவில்லை, வெட்ட வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை, பின்பக்கத்தில் யார் ராசியும் இல்லை. கொஞ்ச நாளில் ‘இனி சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும்’ என்று விதியை மாற்றினார்கள். அதற்குள் ஊரே சிக்குக்கு மாறியிருந்தது. இன்றைக்கும் கூப்பன் என்றால் எனக்கு அந்த ஈரப் பாக்கெட்தான் ஞாபகம் வருகிறது. வாங்காதவனுக்கும் கொடுத்த ஒரே கூப்பன் அது.

அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகள் ஒரு முறை லீவில் வந்தபோது இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகம் எடுத்துவைத்துக்கொண்டு அம்மாவுக்கு வகுப்பு எடுத்தாள். 1880-களின் பிற்பாதியில் அட்லாண்டாவில் கோகோ கோலாக்காரர்கள் ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டு அடித்துக் கொடுத்ததில் தொடங்கிய வியாதி அது என்றாள். அங்கே ஞாயிறு பேப்பரைச் செய்திக்காக வாங்குகிறவர்கள் ஒரு ஜாதி, உள்ளே வரும் கூப்பன் புத்தகத்துக்காக வாங்குகிறவர்கள் இன்னொரு ஜாதி. ஒரு டாலர் கடைகளில் ஞாயிறு பேப்பர் மலிவாகக் கிடைக்கிற ஊர்களில் வெள்ளைக்காரப் பெண்கள் விடியற்காலையில் போய் அள்ளிக்கொண்டு வருவார்களாம். 2010-இல் தொடங்கி இதற்கென்றே ஒரு டிவி நிகழ்ச்சி ஓடியது. வண்டி வண்டியாகச் சாமான் வாங்கி, கூப்பன்களை நீட்டி, கடைசியில் சில டாலர் மட்டும் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் நூறு டப்பா கடுகுச் சாஸ் இருக்கும்.

அம்மாவைக் கவர்ந்தது அது இல்லை. தெருமுனையில் பேப்பர்ப் பெட்டி வைத்திருப்பார்கள், காசு போட்டால் கதவு திறக்கும், ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டும் என்று அவள் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கதவு தொறந்ததும் உள்ள எத்தினி பேப்பர் இருக்கும்?”

“மொத்தமும் இருக்கும் சித்தி.”

“ஒண்ணுக்கு மேல எடுத்தா யாரு கேப்பா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா எடுக்கக் கூடாது.”

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெட்டியை எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் வைத்திருந்தால் பேப்பர் பத்திரமாகத்தான் இருந்திருக்கும், பெட்டி காயலாங்கடைக்குப் போயிருக்கும் என்று நான் சொன்னேன்.

ஹாட் பாக்ஸுக்கே வருகிறேன். ஞாயிறு கூப்பன் பற்றாக்குறை முற்றிப்போன வாரத்தில் ஒரு புதையல் கிடைத்தது. நான் வேலை பார்த்த கன்டெய்னர் கிடங்கில் மேனேஜர் ஆங்கிலப் பேப்பர் வாங்குவார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைத் திங்களன்று ஆபீசுக்கு எடுத்து வந்து, மத்தியானம் குப்பைக் கூடைக்கு மேல் வைத்துவிட்டுப் போவார். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குண்டுப் பேப்பர். உள்ளே கூப்பனோ கூப்பன். ஹாட் பாக்ஸ் எல்லாம் இல்லை. கார், சிங்கப்பூர் பயணம், ஐம்பது அங்குல டிவி. டூத்பேஸ்ட் வாங்கினால் கார், சோப்பு வாங்கினால் சிங்கப்பூர். அம்மா கத்தரிக்கோலைத் துணியில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். சிங்கப்பூருக்குப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள யாரை வைப்பது என்பது வரை பேச்சு போய்விட்டது.

எல்லாக் கூப்பனிலும் ஒரு மூலையில் சின்ன நட்சத்திரம் இருந்தது. அந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிவரைக்கும் போனால், கடுகை விடச் சின்ன எழுத்தில் ஒரு வரி. படித்துச் சொன்னேன்: தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது.

“காஷ்மீருக்குப் பொருந்துமா?”

“பொருந்தும்.”

“நம்ம மேல மட்டும் அவனுங்களுக்கு இன்னாடா கோவம்?”

அவர்கள் மேல் தப்பில்லை. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம் என்று ஒன்று 1979 முதல் இருக்கிறது. சாமான் வாங்குகிறவர்களைச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் திட்டம் இங்கே நடத்தக் கூடாது. அதனால்தான் இந்தியா முழுவதற்கும் அச்சாகும் விளம்பரங்களில் நமக்கென்று தனியாக ஒரு வரி. இன்றைக்குச் செல்போனில் பணம் அனுப்பினால் வரும் சுரண்டல் அட்டைகளின் விதிமுறைகளிலும் தமிழ்நாட்டுக்காரர்களை ஒதுக்கிவைக்கும் வரி இருக்கும், தேடிப் பாருங்கள். எல்லாருக்கும் ஹாட் பாக்ஸ் என்றால் அங்கே குலுக்கல் இல்லை, ஆகவே தடையும் இல்லை. ஹாட் பாக்ஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

பத்திரிகைக்கும் பரிசுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் குறுக்கெழுத்துப் போட்டிகளை வைத்துத்தான் விற்பனையைத் தூக்கி நிறுத்தினார். நாடு முழுவதும் இந்தப் போட்டிப் பித்து ஏறிப்போய், 1955-இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். சமர்பாக்வாலா என்ற போட்டி நடத்துநர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிகளுக்குத்தான் இந்தச் சட்டம், திறமையைச் சோதிக்கும் போட்டிகளுக்கு இல்லை என்று 1957-இல் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து போட்டி வைக்கிறவர்களெல்லாம் நம் திறமையைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் தலைநகர் எது? அ) சென்னை, ஆ) லண்டன். எங்கள் தெருவில் இதற்கும் ஒரு பெண்மணி பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் எழுதினார்.

சட்டத்தைக் கேட்டு முடித்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தமிழ்நாடு எங்கடா முடியுது?”

இதுதான் மீஞ்சூரின் விசேஷம். கோயம்புத்தூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை. எங்களுக்கு அது ஒரு ரயில்வே விசாரணை. பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதற்கு அடுத்த ஸ்டேஷன் தடா. தடாவில் ஆந்திரா. இன்னும் கொஞ்சம் போனால் சூலூர்பேட்டை, அங்கே என் அத்தை வீடு. ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு விஷயமாக அம்மாவுக்கும் நாத்தனாருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. சிங்கப்பூர்க் கூப்பனை வெட்டிய அன்று ராத்திரி அம்மா தானாகவே போன் செய்து, ‘அண்ணி, நல்லா இருக்கீங்களா, மூட்டு வலி எப்படி இருக்கு?’ என்று விசாரித்தாள். அப்பா எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அத்தைக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அவள் வீட்டில் ஈநாடு வாங்குவார்கள். அதையும் அக்கம்பக்கத்துப் பேப்பர்களையும் சேர்த்துக் கட்டி, சூலூர்பேட்டையில் வண்டி ஏறும் ஆட்களிடம் கொடுத்தனுப்புவாள். அம்மா பிளாட்பாரத்தில் நின்று வாங்கிக்கொள்வாள். அம்மாவுக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். கட்டம் போட்டு, உள்ளே காலி இடம் விட்டு எது இருந்தாலும் அது கூப்பன் என்பது அவள் தீர்மானம். சர்வ ஜாக்கிரதையாக வெட்டி, மஞ்சள் தடவிய கவரில் போட்டு, பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லி அத்தைக்கே திருப்பி அனுப்பினாள். அத்தையிடமிருந்து போன் வந்தது. நாலில் இரண்டு காரியப் பத்திரிகை, யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. ஒன்று காணாமல் போனவர் அறிவிப்பு. இன்னொன்று ஏதோ ஒரு நகராட்சியின் கால்வாய் டெண்டர். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் நெல்லூர்ப் பக்கம் எங்கேயாவது அரைக் கிலோமீட்டர் சாக்கடை வெட்டும் பொறுப்பு எங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கும்.

சிங்கப்பூர் கிடைக்கவில்லை. கிடைத்தது வெள்ளிக் குத்துவிளக்குதான். அத்தை மறுமாதமே அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு பேப்பருக்குள் தேடவே தேவையில்லாமல் மடியில் வந்து விழும் கூப்பன் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் மீஞ்சூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. மனை விற்கும் பிட் நோட்டீஸ். பேப்பர் போடும் பையன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் செருகுவான், அதனால்தான் அன்றைக்குப் பேப்பர் வர லேட். வழவழத் தாள், தென்னை மரம், நீச்சல் குளம், ஓடி வரும் வெள்ளைக்காரக் குழந்தை. அப்போதெல்லாம் ‘வரப்போகும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு மிக அருகில்’ என்று போட்டிருப்பார்கள். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் காஞ்சிபுரத்தில் இருப்பது போலவே இங்கேயும் இருப்பதால் எங்கள் ஊரை வட காஞ்சி என்பார்கள். மனைக்காரர்கள் அதையும் விடுவதில்லை, ‘வட காஞ்சி ஆன்மிக நகர், ஃபேஸ் 2’ என்று போட்டுவிடுவார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம் என்று இருக்கும். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் தைரியத்தில் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன், அங்கிருந்து கிளம்பும் வாகனத்தில் போனால் ஐந்து நிமிடம் ஆகாது.

அம்மா அந்த நோட்டீசின் கடைசி வரியை மட்டும் படிப்பாள். ‘இலவச வேன் வசதி, மதிய உணவு உண்டு. நேரில் வருவோருக்கு நிச்சயப் பரிசு.’ வெட்ட வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை. சித்தியையும் இரண்டு அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வேனில் ஏறினாள். முள்ளுச்செடிக்கு நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்ட இடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். கார்னர் பிளாட்டா, கிழக்குப் பார்த்ததா, பட்டா இருக்கிறதா, தண்ணீர் உப்பா நல்லதா என்று அம்மா கேட்ட கேள்விகளில் மேனேஜர் நம்பிக்கை வைத்துவிட்டார், கூடுதலாக ஒரு லெக் பீஸ் வைக்கச் சொன்னார். பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். சின்னது. நாலு பேருக்கும் ஒவ்வொன்று.

இதற்குள் மாதமும் முடிந்தது. படிவங்கள் மூன்றில் ஒன்றுதான் நிரம்பியது. சவர வாசனைக் கட்டமும் வஞ்சிர வாசனைக் கட்டமும் அதில்தான். நாளிதழின் ஆபீசுக்குப் போய்க் கொடுத்து வாங்கி வர வேண்டும். கவுன்ட்டர் பையன் அதை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துச் சரிபார்த்து, ஹாட் பாக்ஸை நீட்டினான். போக வர வண்டிச் செலவு, நடுவில் குடித்த பாதாம் பால் எல்லாம் கணக்கு எழுதினேன். அம்மா அந்தக் கணக்கைப் பார்க்க மறுத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது பேப்பர்கள். ஊர் முழுக்க இரவலும் இலவசமுமாகச் சேர்த்தது, தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. வாங்கிய காசில் கொஞ்சமாவது திரும்பி வருவது எடைக்குப் போடும்போதுதான், பேப்பருக்குள் ஒளிந்திருக்கும் நிஜக் கூப்பன் அதுதான். அன்றைக்குக் கிலோ ஏழோ எட்டோ ரூபாய். அண்ணாச்சி பொட்டலம் மடிக்க நேரடியாக எடுத்துக்கொள்வார். கட்டைப் பிரித்தார், ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், அதன் வழியாக அம்மாவைப் பார்த்தார்.

“என்னம்மா இது, தாளுக்குத் தாள் ஓட்டையால்லா இருக்கு? இதுக்கு முழு விலை தர முடியாதும்மா. பாதிதான்.”

“எடை போட்டுத்தானே எடுக்கறீங்க அண்ணாச்சி? ஓட்டைக்கு எடை ஏது? இல்லாத எடத்துக்கு நான் காசு கேக்கலியே.”

அண்ணாச்சி தராசைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தராசு அம்மா பக்கம் இருந்தது.

“அது சரிம்மா. இதுல பொட்டலம் மடிச்சா பொட்டுக்கடலை பூராக் கீழ கொட்டிருமே.”

“கொண்டக்கடலை கட்டுங்க.”